பிள்ளையார் சுழி

"நம்ம காலேஜு சொத்த ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்கணுங்கிறாங்க மேடம். இவங்கள வேலையில வெச்சிருக்கிறதே தப்பு!"

குருமூர்த்தி மேசையில் அடித்த அடியில் பீங்கான் கோப்பைகள் குலுங்கின. கம்ப்யூட்டர் துறைத் தலைவருக்குக் கல்லூரியின் மேல் இத்தனை பாசம் இருப்பது நூலகர் சிவசங்கரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் பெரிதாக எதுவும் கேட்டுவிடவில்லை. பழைய சாஃப்ட்வேரில் கிடக்கும் புத்தக விவரங்களைப் புது முறைக்கு மாற்றித் தர, நான்கு வருடம் கண் எரிய உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அதை ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டுவிட்டால், விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன நூலகங்கள் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

முதல்வர் செல்வநாயகி கறாராகச் சொல்லியிருந்தார். "வெளிய ஒரு காலேஜாவது எங்களுக்கு வேணும்னு கேக்கணும். இல்லன்னா இந்தப் பேச்ச இன்னியோட வுட்டுடணும்." அதற்காகத்தான் திட்டக்குடிப் பக்கத்துத் தனியார் கல்லூரி நூலகர் பாக்கியமேரியைக் கெஞ்சிக் கூத்தாடி வரச் சொல்லியிருந்தாள். அவரை இன்னும் காணோம்.

"அதுக்குள்ள ஓட்டிக் காட்டும்மா," என்றார் முதல்வர்.

"இதுல பாக்குறதுக்கு என்ன மேடம் இருக்குது? இவங்ககிட்ட ஒரு காப்பி, பாதுகாப்புக்குன்னு போன வருஷம் நான் வாங்கி வெச்சது ஒண்ணு. மூணாவது காப்பி இந்த கேட்ட தாண்டக் கூடாது!" போன் அடிக்கவே குருமூர்த்தி எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

திரையில் முதல் வரி வந்ததும் முதல்வருக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'எலுமிச்சை ஊறுகாயும் பீங்கான் ஜாடியும். ஆசிரியர்: ராஜாம்பாள்.'

"எங்கம்மா பேருங்க. அப்படி ஒரு புத்தகமே கெடையாது," என்றாள் சிவசங்கரி வெட்கத்தோடு. "தமிழ் எழுத்து ஒழுங்கா வருதான்னு பாக்க, புள்ளையார் சுழி மாதிரி ஒவ்வொரு தடவையும் மொதல்ல இது தானா வந்து வுழும். கடைசியில நாமதான் கையால அழிக்கணும்."

குருமூர்த்தி திரும்பி வந்தபோது, பஸ்ஸைத் தவறவிட்ட பாக்கியமேரியும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சிவசங்கரி. நேர்லயே சொல்லிடலாம்னுதான் வந்தேன். எங்களுக்கு இது வேணாங்க. போன வருஷமே வேப்பூர்ல ஒரு கம்பெனிக்காரங்க இதே வேலைய முடிச்சுக் குடுத்துட்டாங்க. சுத்துப்பட்டுல ஏழெட்டு காலேஜுக்கு அவங்கதான் செஞ்சாங்களாம்."

சிவசங்கரியின் முகம் செத்துப் போயிற்று. நான்கு வருட உழைப்பு ஒரே பேச்சில் மண்ணாகிவிட்டது. குருமூர்த்திக்கோ வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா மேடம்? சீந்த ஆளில்ல! இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்னு எழுதி வாங்குங்க. மீறினா மெமோ குடுங்க." வெள்ளைத் தாளை அவள் முன்னால் தள்ளி, பேனா மூடியையும் அவரே கழற்றி வைத்தார்.

முதல்வரும் எழுதச் சொல்லித் தலையசைத்தார். சிவசங்கரி பேனாவை எடுத்தாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

பாக்கியமேரிக்குச் சங்கடமாகிவிட்டது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தன் கல்லூரி கேட்டலாக்கைப் போனில் திறந்து நீட்டினார். "அவங்க செஞ்சதும் ஒண்ணும் சுத்தம் இல்லீங்க. இதோ, மொதல்ல இருக்குது பாருங்க, இந்தப் புத்தகத்த அலமாரி அலமாரியா தேடிட்டோம். கெடைக்கவே இல்ல. கடைசியில காணாமப் போன லிஸ்ட்டுல சேத்துட்டோம்."

சிவசங்கரி பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு போனை முதல்வரிடம் கொடுத்தாள். அதைப் படித்த முதல்வரின் பார்வை மெதுவாகக் குருமூர்த்தி பக்கம் திரும்பியது.

சிவசங்கரி பேனாவை மூடி அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கம்மாவ வேப்பூருக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானா சார்?"