பட்டியலில் இல்லாதவள்

“உங்கட பேர் இதில இல்லை. நீங்கள் போகலாம்,” என்றார் மயில்வாகனம், எதிரே நின்ற பெண்ணை நிமிர்ந்தும் பாராமல்.

இரணைமடுக் குடியேற்றத் திட்டத்தின் காணிக் கோப்புகள் இருந்த அலுமாரிக்கு அவர்தான் பொறுப்பு. அதன் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் அதில் எழுதலாம், யார் எடுத்து வைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர்கள். பெயர் இல்லாதவருக்கு எந்த அனுமதியும் இல்லை.

அன்று அந்தப் பட்டியலைச் சரிபார்க்க வவுனியாவிலிருந்து கனகலிங்கம் என்ற மேலதிகாரி வந்திருந்தார். மாற்றலாகிப் போனவர்களின் பெயர்களைச் சிவப்பு மையால் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

“என்ன பிள்ளை, என்ன விசயம்?”

“ஐயா, செத்துப்போன ஏரம்புவின்ர மகள் நான்.” வெயிலில் நடந்து வந்த களைப்பு அவள் குரலில் இருந்தது. “அப்பு தனக்குப் பிறகு காணி ஆருக்கெண்டு எழுதினவர்? எனக்கோ, தம்பிக்கோ? அது தெரியாமல் காலபோக நெல்லு விதைக்கேலாது. ஏழு வருசமா அந்த வயலுக்குள்ள நிண்டது நான்தான். இவரிட்ட நேற்றும் கேட்டனான், முந்தநாளும் கேட்டனான்.”

கனகலிங்கம் பட்டியலில் விரலை ஓட்டினார். விசாரணை அதிகாரியைத் தவிர, ஏரம்புவின் காணிக் கோப்பைப் ‘பார்க்கலாம்’ என்றிருந்தது ஏரம்புவுக்கு மட்டுந்தான். மயில்வாகனத்துக்கு ‘எடுத்து வைக்கலாம்’ என்பதோடு சரி.

“நீர் திறந்து பாக்கேல்லையோ?”

“எனக்கு அனுமதி இல்லை, ஐயா.”

“திறப்பு உம்மிட்டத்தானே கிடக்கு!”

“ஓம் ஐயா. திறப்பு மட்டுந்தான்.”

கனகலிங்கம் பெருமூச்சு விட்டார். “பாவம் மனுசி. இவவின்ர பேரையும் சேர்ப்பம். நான் கையெழுத்து வைக்கிறன்.”

“வேண்டாம் ஐயா. தம்பிக்காரனும் கேட்டு வந்தவர், திருப்பி அனுப்பினனான். விசாரணையில அதிகாரி ரெண்டு பேரையும் இருத்தி வாசிச்சுக் காட்டட்டும்.”

“நீரும் ஒரு மனுசனோ!” கனகலிங்கம் பேனையை மேசையில் போட்டார்.

மயில்வாகனம் விசாரணைக்கான விண்ணப்பத் தாளை எடுத்தார். அவளிடம் எதுவும் கேட்காமலே ‘ஏரம்பு அருந்ததி’ என்று எழுதி, விலாசத்தையும் நிரப்பி நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள்.

“வாற செவ்வாய்க்கிழமை விசாரணை. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார் கனகலிங்கம்.

நாலரை மணிக்குக் கந்தோர் பூட்டியபோதும் அவள் வெளியே கிடந்த மர வாங்கிலேயே சோர்ந்துபோய் இருந்தாள். ஜீப்பில் ஏறப்போன கனகலிங்கம் அவளைக் கண்டு தயங்கி நின்றார்.

மயில்வாகனம் சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார்.

“ஏறுமப்பா, எங்கட பிள்ளையள் வீட்டில பசியோட இருக்குங்கள்.”