செங்குத்துக்கு ஒரு முழம் முன்பு

புதுக் காற்றாலையின் சுழலும் நான்கு இறக்கைகளிலும் காகிதப் பூக்கள் படபடக்கின்றன. ஆலையைக் கட்டும்போது உச்சியிலிருந்து விழுந்து செத்த தச்சன் வௌட்டரின் சவப்பெட்டி கால்வாயில் படகில் வருகிறது. "மேல் இறக்கை செங்குத்தைத் தாண்டி நின்னா துக்கம்னு ஊருக்கே தெரியும், ஐயா. படகு கடக்கிற வரைக்கும் போதும்," என்கிறாள், படகுக்கு முன்னால் ஓடிவந்த அவன் மனைவி ஆல்ட்யே. முதலாளி உப்பு மீனை வாலைப் பிடித்து வாய்க்குள் இறக்குகிறார். "திறப்பு விழா அன்னைக்கா என் ஆலை ஒப்பாரி வைக்கணும்? டேய் சிமோன், செங்குத்துக்கு முன்னாலயே நிறுத்து! அதுதான் சந்தோஷத்துக்கு அடையாளம்!" இறக்கைகளை நிறுத்தும் தடைக்கயிற்றைப் பிடித்திருக்கும் சிமோன் செத்தவனின் தம்பி, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவன். ஆல்ட்யே அவனையே பார்க்கிறாள். அவன் கயிற்றைப் பார்க்கிறான். மரம் முனகுகிறது, இறக்கை செங்குத்துக்கு ஒரு முழம் முன்பே நிற்கிறது. பூக்களின் நிழல் சவப்பெட்டியின்மேல் ஊர்ந்து போகிறது. முதலாளி கைதட்டுகிறார்: "அண்ணனைவிடக் கெட்டிக்காரன்டா நீ!"