ஷிப்டுக்கு நேரமாச்சு!

"வரிசையா நில்லு! ஷிப்டுக்கு நேரமாச்சு!"

மகன் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். மருமகள் கரண்டியும் கையுமாக விறைத்து நின்றாள். பட்டாளத்தில் பழகி, ஆலையில் மெஷின் இரைச்சலை மீறிக் கத்தி உரமேறி, ரிட்டையர் ஆன பிறகும் அடங்காத குரல் அது. அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார்மா. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாமா?" என்றான் மகன்.

"நாக்கை அறுத்துடுவேன்! உங்கப்பா போய் ஆறு மாசமாச்சு. அவர் குரல்னு மிச்சமிருக்கறது இது ஒண்ணுதான்டா."

பழத்துண்டோடு கூண்டருகே போனாள். உள்ளேயிருந்த மைனா தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"ஏய், டீ என்னாச்சு?" என்றது, அதே அதட்டலில்.

"இதோ வந்துட்டேங்க!" என்று அம்மா சமையலறைக்கு ஓடினாள்.