இடது பக்கத்துப் படம்

கையை நீட்டி வைத்துக்கொண்டு அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டேன். நரம்பு நன்றாகப் புடைத்து நின்றது. குத்த வேண்டியதுதான் பாக்கி.

குத்திவிட்டால் கதை முடிந்தது. ரத்தம் எடுத்த பிறகு பின்வாங்க முடியாது, பேசிய நாலு சிகிச்சையையும் செய்தே ஆகவேண்டும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அவள் ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை அவள் கன்னத்திலேயே திருப்பி ஏற்றவேண்டும். பி.ஆர்.பி. என்பது அவ்வளவுதான். டாக்டர் அதோடு விடமாட்டார். நுண்ணூசி, லேசர், குழி விழுந்த இடத்துக்கு ஃபில்லர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தலையில் கட்டுவார்.

பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்குக் கொஞ்சம் மட்டுப்படுகிறது. நாள் பிடிக்கும், எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் அவர் விற்பது அதை அல்ல, சுவரில் இருக்கும் அந்தப் படத்தை. இதே படம் வெளியே காத்திருக்கும் அறையில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது.

இடது பக்கம் 'முன்'. வலது பக்கம் 'பின்'.

இடது பக்கத்துக்காரிக்குக் கன்னம் முழுக்கப் பருக் குழி. மூக்கோரத்தில் முக்கோணமாக மூன்று ஆழமான குழிகள். மேல் உதட்டில் மச்சம். வலது பக்கம் அதே மூக்கு, அதே மச்சம், கன்னம் மட்டும் பளிங்கு.

அந்தப் பளிங்கைச் செய்ய போட்டோகாரருக்குக் கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் ஆனது. நானும் அங்கேதான் இருந்தேன். இலவசமாகச் சிகிச்சை செய்கிறேன் என்று சொல்லித்தான் இடது பக்கத்துக்காரியை டாக்டர் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார். வலது படம் தயாரானதும் அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

என் முன்னால் கையை நீட்டியிருக்கும் இவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். மூன்று மாதத்தில் கல்யாணம். முகத்தைச் சரிபண்ணிக்கொண்டால்தான் பத்திரிகை அடிப்போம் என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளாம். இவள் அந்த வலது படத்தை ஃபோனில் பிடித்து, இப்படி ஆகிவிடுவேன் என்று அவர்களுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

டாக்டர் அவ்வளவு கறார். வருகிறவர்கள் முன்னால் நான் மாஸ்க்கைக் கழற்றவே கூடாது. டீ குடிப்பதென்றாலும் பின்பக்க மாடிப்படிக்குப் போய்விட வேண்டும். சுத்தம் முக்கியம் என்பார். அவர் மாஸ்க் போட்டு நான் பார்த்ததில்லை.

ஊசியின் மூடியைக் கழற்றினேன்.

"பாவம்க்கா அந்தப் பொண்ணு," என்றாள், இன்னும் சுவரைப் பார்த்தபடியே. "இப்ப எங்க இருக்காங்க? நல்லா இருக்காங்களா?"

என் கை நின்றுவிட்டது.

மூன்று வருடமாக எல்லோரும் வலது பக்கத்தைத்தான் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள், எனக்கும் இப்படி வருமா என்று. இடது பக்கத்துக்காரி இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் மேல், மாப்பிள்ளையின் அம்மா மேல், எல்லாம் தெரிந்தும் மூன்று வருடமாகக் கைகளில் பட்டை கட்டிக்கொண்டிருந்த என் மேல். போனால் போகட்டும் இந்த வேலை. கையில் தொழில் இருக்கிறது, ஊசி போடத் தெரிந்தவள் எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள்.

"சிஸ்டர், எடுத்தாச்சா?" உள்ளே இருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

ஊசியை மூடித் தட்டில் வைத்தேன். அவள் கையிலிருந்த பட்டையை அவிழ்த்தேன். ஒன்றும் புரியாமல் அவள் என் பக்கம் திரும்பினாள்.

மாஸ்க்கைக் கழற்றினேன்.

அவள் என் மூக்கோரத்தைப் பார்த்தாள், மச்சத்தைப் பார்த்தாள், ஒரு முறை சுவரைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே இன்னும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாஸ்க்கைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடப் போனேன்.