காக்கை கற்ற பொதுமொழி

“‘கா கா என்று என்ன காட்டுக் கத்தல்? உலகப் பறவைகளுக்கெல்லாம் புரிகிற பொதுமொழி பேசக் கூடாதா?’ என்று கிளியக்கா கேட்கிறாள். எனக்கு மானம் போகிறது!” என்று கூட்டத்தோடு மல்லுக்கு நின்றது காக்கை.

“போடி, உனக்கு வேறு வேலையில்லை” என்றன மற்றக் காக்கைகள்.

காக்கை விடுமா? கிளியிடம் போய்ப் பொதுமொழியைக் கரைத்துக் குடித்தது.

ஒருநாள் அதன் குஞ்சு கூட்டிலிருந்து விழ, பூனை பதுங்கி வந்தது. ஒரு ‘கா’ போதும், அடுத்த மரத்துக் காக்கையெல்லாம் பறந்து வந்து பூனையின் மண்டையைக் கொத்திவிடும். ஆனால் கிளி பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதன் எதிரில் கத்துவதா? காக்கை தொண்டையைச் செருமிக்கொண்டு பொதுமொழியில் கூப்பிட்டது.

அடுத்த மரத்தில் ஒன்றும் திரும்பவில்லை. புரிந்த ஒரே ஆளான கிளி, பூனைக்குப் பயந்து உச்சிக் கிளைக்குப் போய்விட்டது.

“மாண்புமிகு பறவைகளே, என் குஞ்சைக் காப்பாற்ற வாருங்கள்” என்று காக்கை மறுபடியும், இன்னும் பிழையில்லாமல் கேட்டது.