ஏழின் நடுவே ஒரு கோடு

மடக்குக் கத்திகளைப் பழுதுபார்க்கும் அக்காவுக்கு மறுநாள் கண் ஆபரேஷன்.

"இத்தோட இந்த வேலையை மூட்டை கட்டிடுக்கா. பார்வை திரும்பும்னு டாக்டரே உறுதியாச் சொல்லலையே" என்றாள் தங்கை.

"டாக்டர் என் கண்ணைத்தானே பார்த்தார், கையைப் பார்க்கலையே!" என்றபடி அக்கா மேசையிலிருந்த கத்தியை எடுத்தாள். அவளைவிட வயதான ஒரு வீட்டை இடித்தபோது சுவருக்குள்ளிருந்து கிடைத்ததென்று கொத்தனார் கொடுத்துவிட்டுப் போன கத்தி அது.

ஒவ்வொரு கத்தியையும் சரிசெய்யும்போது, கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் தகட்டில் வரிசை எண்ணைக் கீறிவைப்பாள் அக்கா. ஏழு வந்தால் நடுவில் ஒரு சின்னக் கோடும் உண்டு. தங்கைக்கு மட்டும் தெரிந்த சங்கதி. இது 387-ஆவது கத்தி.

ஆணியைத் தட்டிக் கைப்பிடியைப் பிரித்தாள். தகட்டில் ஏற்கெனவே 417 என்று கீறியிருந்தது. ஏழின் நடுவே கோடு. கீறலுக்குள் துரு ஊறிப்போயிருந்தது.

"அக்கா, இது உன் கையெழுத்தாச்சே!" என்றாள் தங்கை.

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே 387 என்று நிதானமாகக் கீறினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குடி கிளம்பணும்? சட்டுனு போயிட்டு வந்துடலாம். எனக்கு இன்னும் முப்பது கத்தி பாக்கி இருக்கு."