யானைக்குட்டி கூப்பிட்டபோது

காட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வழி தவறிய யானைக்குட்டி "அம்மா" என்று கூப்பிடும். கதை கேட்கிற அத்தனை பேரும் "இதோ இருக்கேன் கண்ணு" என்று பதில் சொல்வார்கள். ஆமை கதை சொன்ன காலமெல்லாம் அதுதான் வழக்கம்.

இந்த வருஷம் மயில் அதை நாடகமாகவே போட்டது. நிஜ அருவி, நிஜ யானைக்குட்டி, அதன் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பட்டாம்பூச்சிகள்.

குட்டி "அம்மா" என்றது. எல்லோரும் அண்ணாந்து பட்டாம்பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"சொக்கிப்போயிட்டாங்க" என்று மயில் ஆமையிடம் கிசுகிசுத்தது.

குட்டி இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. நாடகத்தில் அழுகையே கிடையாது.

"தத்ரூபமா அழுவுதே" என்றது ஒரு குரங்கு.

"நீயாவது பதில் சொல்லியிருக்கலாமே" என்று ஆமை மயிலிடம் சொன்னது.

குட்டி இரண்டாவது தடவை கூப்பிட்டது மயிலின் காதில் விழவே இல்லை. வரிசை தப்பிய ஒரு பட்டாம்பூச்சியை அது முறைத்துக்கொண்டிருந்தது.

தோகையை மடக்கிக்கொண்டு குட்டியிடம் போனது. "இதோ இருக்கேன் கண்ணு" என்றது.

குட்டி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது.

"இப்ப நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டது.